வாஷ் பேசின் வாங்குவதில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

கடை வெளிச்சத்தில் பளபளக்கும் பேசினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு டேப்பை எடுத்து அளப்பதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. சென்னை அடுக்ககங்களில் 4 அடி அகலப் பாத்ரூம் சாதாரணம். பேசின் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் நீட்டும் என்று கேட்டு, அதைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, கதவை முழுதாகத் திறந்து பாருங்கள். முன்னால் நிற்க 2 அடியாவது மிஞ்ச வேண்டும்.

பலகை மேல் கிண்ணம்போல் உட்கார்த்தும் டேபிள் டாப் பேசினில் உயரம் காலை வாரும். விளிம்பு தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலத்தில் இருந்தால் வசதி. கிண்ணமே 5, 6 அங்குலம் என்பதால் கிரானைட் பலகை 27, 28 அங்குலத்தில் நிற்க வேண்டும். சமையல் மேடைக் கணக்கில் பலகையை உயர்த்திவிட்டால் முகம் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியே சட்டையில் இறங்கும்.

போர் தண்ணீர் வரும் வீட்டுக்குக் கறுப்பு மேட் பேசின் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளை உப்புத் திட்டாக நிற்கும்; அதைப் போக்க ஆசிட் ஊற்றினால், பேசினின் அடித்துளையில் பொருத்தும் கப்ளிங்கின் குரோம் பூச்சும் போய்விடும். வழவழப்பான வெள்ளை செராமிக்தான் நம்மூர் தண்ணீருக்கு ஏற்றது.

பலர் கவனிக்காதது, பேசினையும் கழிவுக் குழாயையும் இணைக்கும் அந்த வேஸ்ட் கப்ளிங். பேசினின் உட்புறம் மேலே சிறு ஓட்டை இருந்தால் அது ஓவர்ஃப்ளோ, அதாவது தண்ணீர் நிரம்பி வழியாமல் கப்ளிங்குக்குள் இறங்கும் வழி. அதற்குப் பக்கவாட்டில் துளையும் கீழ்ப்பாதியில் மட்டும் மரையும் உள்ள ஹாஃப் த்ரெட் கப்ளிங் வாங்க வேண்டும். ஓட்டை இல்லாத பேசினுக்கு மேலிருந்து கீழ்வரை மரை ஓடும் ஃபுல் த்ரெட். ஓட்டை இல்லாத பேசினுக்கு ஹாஃப் த்ரெட்டை மாற்றிப் போட்டால் அந்தப் பக்கத் துளை வழியாகத் தண்ணீர் வெளியேறி, மரையோடு இறங்கி அடியில் சொட்டும். பிளம்பர் எத்தனை முறை டெஃப்லான் டேப் சுற்றினாலும் நிற்காது.

கழிவுநீர் நேராகக் குழாய்க்குள் போகிறதென்றால் பாட்டில் ட்ராப் கட்டாயம். அதில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. வெறும் ஃப்ளெக்சிபிள் குழாயைச் சொருகி விடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுவர் ஏஏசி பிளாக்கா, அதாவது காற்றறைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்லா என்றும் பாருங்கள். திருகு பிடிக்கச் சுவரில் அடிக்கும் சாதாரணப் பிளக் அதில் பிடிக்காது. அந்த இடத்தில் கான்கிரீட் நிரப்பி, பேசினைத் தாங்கும் ராக் போல்ட் பதித்த பிறகே பேசினை மாட்ட வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் பேசினை நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் வாங்கலாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். வண்டி கிளம்பும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.