உள்ளளவோ வெளியளவோ: ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு எக்செல் தாள்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்தால் பாட்டில் ‘பேஸ்’ கூடும் என்பதும் அப்போதே தெரியும். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளுகிறது. அந்தக் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்பதுதான் பெட்டிக் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீலே 1961இல் தொடங்கிவைத்து, 70களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்து எழுதிய சூத்திரங்களை ஒரு எக்செல் தாளில் போட்டுவிடலாம். கூகுள் ஷீட்ஸிலும் இதே முறைதான். இங்கே நான் சொல்வது துவாரம் இல்லாத, முழுதாக மூடிய பெட்டிக்கு. முதன்முறை செய்பவருக்கு அதுவே நல்லது.

முதலில் மூன்று எண்கள் வேண்டும்: எஃப்.எஸ். (Fs, பெட்டி இல்லாமல் ஸ்பீக்கர் கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண்), கியூ.ரி.எஸ். (Qts, அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்பதைக் காட்டும் எண்), வி.ஏ.எஸ். (Vas, கூம்பைத் தாங்கும் பகுதியின் ஸ்பிரிங் தன்மைக்குச் சமமான காற்றின் அளவு). ஸ்பீக்கரோடு வரும் தாளில் இருக்கும். தாள் இல்லையென்றால் காந்தத்தின் பின்னால் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடுங்கள். இந்த மூன்றும் கிடைக்காமல் பெட்டி கணக்கிட முடியாது. ‘எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு இந்த அளவு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தாளைத் திறவுங்கள். ஏ நிரலில் பெயர், பி நிரலில் எண், சி நிரலில் அலகு. (நிரல்களை நான் தமிழில் எழுதுகிறேன், சூத்திரத்தைத் தட்டும்போது ஆங்கில எழுத்தை அடியுங்கள்.) முதல் வரி தலைப்புக்கு. ஓர் எட்டு அங்குல ஸ்பீக்கரை உதாரணமாக எடுப்போம்:

பி2: எஃப்.எஸ்., 40 ஹேர்ட்ஸ்
பி3: கியூ.ரி.எஸ்., 0.4
பி4: வி.ஏ.எஸ்., 50 லீற்றர்
பி5: கியூ.ரி.சி., 0.707
பி6: ஸ்பீக்கரின் உடலும் உள்ளே வைக்கும் முட்டுச் சட்டங்களும் பிடிக்கும் இடம், 1.5 லீற்றர்
பி7: பலகைத் தடிப்பு, 18 மில்லிமீற்றர்

இந்த ஆறு கட்டங்களுக்கும் மஞ்சள் நிறம் அடியுங்கள். கையால் நிரப்புவது இவை மட்டும்தான்.

கியூ.ரி.சி. (Qtc) என்பது பெட்டிக்குள் போனபின் கியூ.ரி.எஸ். இருந்த இடத்துக்கு வரும் எண், அதை நீங்கள்தான் தெரிவு செய்கிறீர்கள். 0.707 என்றால் கீழ் ஒலி மேடு பள்ளமில்லாமல் சமமாக வரும். இனிக் கணக்கு:

பி8, காற்றின் அளவு: =பி4/((பி5/பி3)^2-1)
பி9, பெட்டிக்குள் ஸ்பீக்கரின் அதிர்வெண்: =பி2*பி5/பி3

முதலாவது 23.5 லீற்றர், இரண்டாவது 70.7 ஹேர்ட்ஸ் என வரவேண்டும். இப்போது பி5ஐ 1 ஆக்கிப் பாருங்கள். பெட்டி 9.5 லீற்றராகச் சுருங்கும், ஆனால் அதிர்வெண் 100 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். சிறிய பெட்டிக்கு நாம் கொடுக்கும் விலை அது. பார்த்துவிட்டு 0.707க்குத் திரும்புங்கள். பி8இல் கழித்தல் எண் வந்தால் உங்கள் ஸ்பீக்கரின் கியூ.ரி.எஸ். 0.707ஐத் தாண்டியிருக்கிறது, மூடிய பெட்டியில் அதிலிருந்து இந்தச் சமமான ஒலியை எடுக்க முடியாது.

அடுத்தது பெட்டியின் உருவம். உள்ளே மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தால் எல்லா எதிரொலியும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும். அதனால் 0.618, 1, 1.618 என்ற விகிதம்.

பி10, மொத்தக் கொள்ளளவு: =பி8+பி6
பி11, உள் அகலம்: =(பி10*1000000)^(1/3)
பி12, உள் உயரம்: =பி11*1.618
பி13, உள் ஆழம்: =பி10*1000000/(பி11*பி12)

கிட்டத்தட்ட 292.6, 473.4, 180.8 மில்லிமீற்றர் வரும். ஒரு லீற்றரில் பத்து இலட்சம் கன மில்லிமீற்றர். அந்தப் பெருக்கல் அதற்குத்தான். ஆழத்தை விகிதத்தால் எடுக்காமல் வகுத்து எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அகலத்தில் சூத்திரத்தை அழித்து 280 என்று அடித்தாலும் ஆழம் தானாக மாறி, கொள்ளளவு அப்படியே நிற்கும்.

இனி வருவதை அவசரப்படாமல் படியுங்கள். என் முதல் பெட்டிக்கு இந்த மூன்று எண்களை மட்டும் ஒரு துண்டில் எழுதி, தச்சுவேலை செய்யும் அண்ணையிடம் கொடுத்தேன். அவர் அவற்றை வெளியளவாக எடுத்து மிக நேர்த்தியாகச் செய்து தந்தார். அடுத்த முறை போனபோது அவரே, “தம்பி, இது உள்ளளவோ வெளியளவோ?” என்று கேட்டார். முதல் துண்டிலேயே நான் எழுதியிருக்க வேண்டியது அது. 18 மில்லிமீற்றர் பலகை ஆறு பக்கமும் உள்ளே தின்றதில் 25 லீற்றர் 16.25 லீற்றராகிவிட்டது. ஆகவே தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்:

பி14, வெளி அகலம்: =பி11+2*பி7
பி15, வெளி உயரம்: =பி12+2*பி7
பி16, வெளி ஆழம்: =பி13+2*பி7

வெட்டும் பட்டியல் இப்படி: முன்பலகையும் பின்பலகையும் வெளி அகலம் × வெளி உயரம். பக்கப் பலகை இரண்டும் உள் ஆழம் × வெளி உயரம். மேலும் கீழும் உள் அகலம் × உள் ஆழம். நம் ஊரில் பலர் அங்குலமும் நூலுமாகத்தான் அளப்பார்கள். டி நிரலில் 25.4ஆல் வகுத்தால் வெளி அகலம் 12.94 அங்குலம், புள்ளிக்குப் பின்னுள்ளதை எட்டால் பெருக்கினால் ஏழரை நூல். பலகைக்கு பிளைவுட் வாங்குங்கள். சிப்போர்ட் நம் மாரி ஈரத்தில் ஊதிவிடும்.

பின்பலகையை ஒட்டுமுன் உள்ளளவை மில்லிமீற்றரில் அளந்து பெருக்கி, பத்து இலட்சத்தால் வகுத்து, வந்த லீற்றரை பி17இல் போடுங்கள். பி18இல் உண்மையான கியூ.ரி.சி.: =பி3*(1+பி4/(பி17-பி6))^0.5

என் முதல் பெட்டிக்கு இது 0.84 என்று வந்தது. கேட்கும்போது 80 ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் தெரிந்தது. உங்களுக்கு 0.68இலிருந்து 0.75வரை வந்தால் தயங்காமல் ஒட்டுங்கள். சற்றுக் கூடினால் தலையணைக்குப் போடும் பொலியெஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்புங்கள், ஸ்பீக்கருக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதானது போலத் தெரியும். குறைந்தால் மரத்துண்டுகளை உள்ளே ஒட்டி இடத்தைக் குறைக்கலாம்.