பழைய ஓவியத்தில் மாறுவேடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியங்களில் வரும் சீமாட்டிகள் பலர் அன்றாட உடையில் நிற்பதில்லை. வேஷம் கட்டி நிற்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துப் பழக ஒரே ஓவியம் போதும்: தாமஸ் கெயின்ஸ்பரோ வரைந்த ‘திருமதி கிரஹாம்’. எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பெரிய படமாகத் திறந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை, முகத்தைக் கையால் மறையுங்கள். அழகான முகம், விட்டால் கண் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து கழுத்தும் தோளும். பின்கழுத்தில் விறைப்பாக எழும்பும் லேஸ் காலர், உப்பிய கைகள், முத்துகள், வெள்ளி போல மின்னும் மேலுடை, அடியில் சிவப்புப் பட்டுப் பாவாடை. இந்தப் படம் லண்டன் கலைக்கழகமான ராயல் அகாடமியின் கண்காட்சியில் வைக்கப்பட்டது 1777-இல். உடையோ கிட்டத்தட்ட 1630-களின் பாணி. அந்த 1630-களில் இங்கிலாந்து அரசவை ஓவியராக இருந்த வான் டைக்கின் படங்களை நினைவுபடுத்துவதால் ‘வான் டைக் உடை’ என்றே பெயர். முகமூடி விருந்துகளுக்கு இதை அணிவார்கள், ஓவியர் முன்னால் நிற்கவும்தான். காரணம் எளிது: புது ஃபேஷன் பத்து வருடத்தில் பழசாகிவிடும், ஏற்கெனவே பழசானது அப்படியே இருக்கும்.

சரி, இப்போது தலை. குட்டு வெளிப்படுவது இங்கேதான். முடியை உயரத் தூக்கிச் சீவி, அதன் மேல் இறகு வைத்த தொப்பி. இது அசல் 1770-கள். வான் டைக் காலத்துப் பெண்களுக்குக் காதோரம் சுருள் சுருளாகத் தொங்கும். உடையை மாற்றியவருக்குத் தலையை மாற்ற மனசு வரவில்லை! ஆண்டு தெரியாத படம் கிடைத்தால் உடையை நம்பாதீர்கள், தலையைப் பாருங்கள்.

தலைப்பாகையும் இடுப்புக் கச்சையும் வந்தால் அது துருக்கி வேடம். அது தனிக்கதை.

அப்புறம், பட்டின் மடிப்புகளைப் பெரிதாக்குங்கள். வெறும் கிறுக்கல்தான் தெரியும். இரண்டடி தள்ளிப் போனால் அதே கிறுக்கல் பட்டாகிவிடும். போட்டி ஓவியர் ரெனால்ட்ஸே, கெயின்ஸ்பரோ 1788-இல் இறந்த பிறகு, இந்த வித்தையைத் தன் உரையில் வியந்து பேசினார்.

இனி கையை எடுங்கள். திருமதி கிரஹாமின் பெயர் மேரி. அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். நம்மைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார். 1792-இல் இறந்துபோனார். கணவர் இந்தப் படத்தைக் கண்ணில் படாதபடி வைத்துவிட்டார். 1859-இல் ஓவியக்கூடத்துக்கு வந்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: படம் ஸ்காட்லாந்தை விட்டு வெளியே போகக்கூடாது. நேரில் பார்க்க ஆசை வந்தால் நாம்தான் கிளம்ப வேண்டும்.