பித்தக் குழாய்ல கல் அடைப்பு: ஸ்கேன் விஷயத்துல நடக்குற தப்புகள்

அல்ட்ராசவுண்ட்ல குழாய்க்குள்ள கல் தெரியலைன்னதும் பிரச்சனை முடிஞ்சுதுன்னு நினைக்கிறதுதான் பெரிய தப்பு. பித்தப்பைக்குள்ள இருக்குற கல்ல அது நல்லாவே பிடிச்சிடும், ஆனா அங்கருந்து நழுவி பொதுப் பித்தக் குழாயோட (பித்தநீர சிறுகுடலுக்குக் கொண்டு போற குழாய்) கீழ்முனைக்குப் போயிட்ட கல்ல, முன்னாடி இருக்குற சிறுகுடல் வாயு பல நேரம் மறைச்சிடும், ஸ்கேன் பண்றவர் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் சரி.

குழாயோட அகலம் 6 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கு, அதனால அடைப்பு இல்லைன்னு சொல்றதும் அவசரம்தான். அடைப்பு ஆரம்பிச்ச புதுசுல குழாய் விரியாமலும் இருக்கலாம். அதே சமயம் வயசானவங்களுக்கும் பித்தப்பைய எடுத்தவங்களுக்கும் அடைப்பே இல்லாம குழாய் கொஞ்சம் அகலமா இருக்கும், அந்த அளவ மட்டும் பாத்து பதறவும் கூடாது. பிலிருபின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்னு பித்த அடைப்புல ஏறுற ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் வலி எப்படி வந்துச்சுங்கிறதையும் சேத்து வச்சுதான் பாக்கணும்.

சிடி எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்னு பலருக்கு நம்பிக்கை. கொலஸ்ட்ரால் கல்லு சிடில பித்தநீரோட அடர்த்தியிலயே இருந்தா கண்ணுக்கே தெரியாது. கணைய வீக்கம், கட்டி இதெல்லாம் பாக்க சிடி நல்லது, கல்லு தேட அத மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து எம்ஆர்சிபி, அதாவது பித்தக் குழாயையும் கணையக் குழாயையும் காட்டுற எம்ஆர்ஐ ஸ்கேன். கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவையில்ல, நல்ல டெஸ்ட்தான். ஆனா குழாய் மொத்தத்தையும் ஒரே படமா சேத்துக் காட்டுவாங்க பாருங்க, அழகா இருக்குன்னு அத மட்டும் பாத்துட்டு முடிச்சா போச்சு, சுத்தி இருக்குற வெள்ளையான பித்தநீர் சின்ன கல்ல அமுக்கிடும், மெல்லிசா வெட்டின படங்கள ஒண்ணு ஒண்ணா பாத்தே ஆகணும். காத்துக் குமிழியும் கல்லு மாதிரி கருப்பாதான் தெரியும், முன்னாடி ஸ்டென்ட் (குழாய் அடையாம இருக்க உள்ள வைக்கிற சின்ன குழல்) வச்சவங்களுக்கு இது சகஜம். மல்லாக்கப் படுத்திருக்கும்போது குமிழி மேல மிதக்கும், கல்லு பெரும்பாலும் கீழ இறங்கிக் கிடக்கும், குறுக்குவெட்டுப் படத்துல பாத்தா பிரிச்சிடலாம். 5 மில்லிமீட்டருக்குக் கீழ உள்ள கல்ல எம்ஆர்சிபியும் தவற விடலாம், சந்தேகம் தீரலைன்னா எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் (வாய் வழியா குழாய் விட்டு உள்ளருந்தே எடுக்குற ஸ்கேன்) கேக்கலாம்.

"நேரா ஈஆர்சிபி பண்ணிப் பாத்துடலாமே"ன்னு கேக்குறவங்க உண்டு. ஈஆர்சிபின்னா வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு பித்தக் குழாய்க்குள்ள போறது, அது கல்ல எடுக்குறதுக்கான வழி, சும்மா பாக்குறதுக்கு இல்ல, அதுனாலயே கணைய அழற்சி வர வாய்ப்பு இருக்கு.

இன்னொண்ணு, மஞ்சள் காமாலையோட குளிர் காய்ச்சலும் வலது மேல் வயித்து வலியும் சேந்து வந்தா குழாய்க்குள்ள கிருமித் தொற்றா இருக்கலாம், அப்ப எம்ஆர்சிபி அப்பாயின்ட்மென்ட்டுக்கு நாள் எண்ணிட்டு வீட்ல இருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, ஆன்டிபயாடிக்க முதல்ல ஆரம்பிச்சுட்டு ஸ்கேன் எதுன்னு அவங்க முடிவு பண்ணிப்பாங்க.