இத்தாலியின் பழைய நகரங்களுக்குப் பேருந்துச் சுற்றுலா: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள சுற்றுலா நிறுவனங்களின் இத்தாலியப் பயணத் திட்டங்களை ஒப்பிடுவோர், விலையையும் ஊர்களின் எண்ணிக்கையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அவற்றைவிட முக்கியமானவை இரண்டு: ஒவ்வோர் ஊரிலும் பேருந்து எங்கே நிறுத்தப்படும், இறங்கிய பிறகு ஊரைப் பார்க்க எவ்வளவு நேரம் மிஞ்சும்.

இத்தாலியின் பழைய நகர மையங்கள் பெரும்பாலும் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக இருப்பதால், சுற்றுலாப் பேருந்து நேராகத் தேவாலய வாசலுக்குச் செல்லாது. சியெனாவிலும் சான் ஜிமிஞ்ஞானோவிலும் மதிலுக்கு வெளியே இறங்கி நடக்க வேண்டும். ஒர்வியேட்டோவில் மலையடிவார ரயில் நிலையத்தருகிலிருந்து இழுவை ரயிலில் ஏற வேண்டும். வெனிஸில் பேருந்து ட்ரோன்கெட்டோ தீவோடு நின்றுவிட, அங்கிருந்து படகில் செல்ல வேண்டும். ஆகவே, 14 கோபுரங்கள் எஞ்சியிருக்கும் சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் திட்டத்தில், ஏறி இறங்குவதும் கழிப்பறை வரிசையும் போக ஒரு கோபுரத்தை நிதானமாக அண்ணாந்து பார்க்கவே நேரம் போதாது.

ஓட்டுநருக்கும் சட்டம் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் பொதுவாக 9 மணியைத் தாண்டக்கூடாது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் ஏறத்தாழ 275 கிலோமீட்டர். இடையில் சியெனாவையும் பீசாவையும் அதே நாளில் செருகும் திட்டம், சாலையைத்தான் நிறையக் காட்டும். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்றிலும் குறைந்தது இரண்டு இரவு தங்கவைத்து, சிறிய ஊர்களை வழியில் ஒவ்வொன்றாகக் காட்டும் திட்டமே என் கணிப்பில் கொடுக்கும் பணத்துக்குத் தகும். தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் முன்பணம் கட்டுமுன்பே எழுத்தில் கேளுங்கள்; 'வெனிஸ் விடுதி' என்பது நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேவாகவும், 'ஃபுளோரன்ஸ் விடுதி' என்பது தொலைவிலுள்ள வேறோர் ஊரான மொன்டெகாட்டினி தெர்மேயாகவும் இருப்பது சாதாரணம். மாலையில் நகருக்குள் சுற்ற விரும்புவோருக்கு இது பெரிய இழப்பு.

அடுத்து, உள்ளே செல்வதா, வெளியே நின்று படமெடுப்பதா என்பதைத் திட்டத்தில் வரிவரியாகப் பாருங்கள். ஃபுளோரன்ஸின் உஃபிஸி கலைக்கூடமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையுள்ள அக்காதெமியாவும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. எந்தக் கிழமையில் எந்த ஊர் வருகிறது என்று நாட்காட்டியை வைத்துச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. ஃபுளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. பத்துமலையின் 272 படிகளுக்கே மூச்சு வாங்கும் பெரியவர்கள் கீழேயே இருப்பது நல்லது. பீசா சாய்கோபுரத்தில் எட்டு வயது நிரம்பாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலையும் சுரிதாரும் அணிவோருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வாசலில் மாட்டிக்கொள்பவர்கள் அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள்தாம்.

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையும் நடப்பதற்கு ஏற்றவை. டிசம்பரில் ரோமில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், பிற்பகலில் சேரும் ஊரை இருட்டில்தான் பார்ப்பீர்கள். சியெனாவின் பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் நடப்பதால், அதைக் காண்பதற்காகவே செல்வோர் தவிர மற்றவர்கள் அந்த நாட்களை விலக்கலாம்.

உணவைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது அவசியம். மாட்டிறைச்சி உண்ணாதோர் மான்ஸோ (மாட்டிறைச்சி), வித்தெல்லோ (கன்றிறைச்சி) என்ற பெயர்களையும், பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்து வரும் ராகூ குழம்பையும் நினைவில் வைக்க வேண்டும். சைவர்களுக்குப் பாஸ்தா அல் பொமொதோரோ என்னும் தக்காளிப் பாஸ்தா எங்கும் கிடைக்கும். ஆனால் மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுவது, மினெஸ்த்ரோனே என்னும் காய்கறி சூப் இறைச்சிச் சாற்றில் வேகவைக்கப்பட்டிருக்கலாம். கண்டிப்பான சைவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டே உண்ண வேண்டும். ஹலால் உணவு பெருநகரங்களில் கிடைக்கும், மலையூர்களில் அரிது.

மலேசியக் கடப்பிதழ் உள்ளோர், இத்தாலி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் பகுதியில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். கடப்பிதழ், அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விலையில் அடங்காத செலவுகளையும் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்: பல நகரங்களில் ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கிடப்படும் நகர வரி, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தரும் அன்பளிப்பு, உணவகங்களில் இருக்கைக்கென வாங்கும் கோபெர்த்தோ கட்டணம். சில கழிப்பறைகளுக்கும் காசு கொடுக்க வேண்டியிருப்பதால் ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்கள் பையில் இருக்கட்டும்.