வாய்க்கால் குடித்த தண்ணீர்

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். ஊரில் சித்தப்பா 4 பரப்பில், அதாவது கால் ஏக்கர் நிலத்தில், வெங்காயம் செய்கிறார். ஞாயிறுதோறும் போனில் தோட்டக் கணக்கை அவர் சொல்ல, நான் எழுதுவேன். விளைச்சல் குறையவில்லை, ஆனால் தண்ணீர் இறைக்கும் பம்பின் மண்ணெண்ணெய்ச் செலவு கையைக் கடித்தது. பரப்புக்கு எத்தனை கிலோ என்று மட்டும் பார்த்ததுதான் நாங்கள் விட்ட பிழை. ஒரு கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு எண்ணெய், எத்தனை மணி நேர வேலை என்றும் பார்க்கவேண்டும்.

போன லீவுக்குப் போனபோது 20 லீற்றர் வாளியைப் பம்பின் வாயில் பிடித்தேன். 8 செக்கனில் நிறைந்தது. அதே வாளி வாய்க்காலின் கடைசிப் பாத்தியில் நிறைய 11 செக்கன். கால்வாசிக்கும் மேல் வழியிலேயே மண்ணுக்குள் போகிறது!

"வாய்க்காலும் குடிக்கத்தானே வேணும், மோனை" என்றார் சித்தப்பா. 2 மணி நேர இறைப்பில் 18,000 லீற்றர் இறைக்கிறோம், ஏறக்குறைய 5,000 லீற்றர் பயிருக்குப் போகவில்லை என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பு திரும்பியதும் வாய்க்காலுக்குப் பதிலாகத் தண்ணீர் கொண்டுபோகப் புறக்கோட்டையில் தட்டைக் குழாய் வாங்கி, யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இப்போது இறைப்பு ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. அப்புறம், சித்தியின் களையெடுப்பையும் கூலியாகப் பதிகிறோம். அதை இத்தனை வருடம் சும்மா என்று விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.