உளவுச் சட்டமும் நம் எம்.பி.யின் வாக்கும்: நடைமுறைத் தீர்மானங்களைப் படித்து எடைபோடும் முறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து பெண்ணையாற்றைக் கடந்து முள்ளோடையைத் தாண்டும்போது மக்களவைத் தொகுதி மாறிவிடுகிறது. ஆனால் பயணிகளின் கைப்பேசியில் வந்து விழும் வாட்ஸ்அப் செய்தி மாறுவதில்லை. ‘உங்கள் போனை ஒட்டுக்கேட்கும் சட்டத்துக்கு உங்கள் எம்.பி. கைதூக்கினார்’ என்று ஒரு படம், அடுத்த நிமிடமே ‘அந்தச் சட்டத்தை எதிர்த்து முழங்கியவர் எங்கள் தலைவர்’ என்று இன்னொரு படம் வரும். இரண்டையும் அனுப்பியவர்கள் அவைக் குறிப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இத்தகைய செய்தி ஒன்று கையில் கிடைத்தால் அதை எப்படிச் சரிபார்ப்பது, சரிபார்த்தபின் அந்த உறுப்பினரை எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் எந்த உறுப்பினர், எந்த அவை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடலூர் மாவட்டத்தில் வசிப்போர் எல்லோருக்கும் கடலூர் எம்.பி. பொறுப்பல்லர், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் உள்ளன. மறுபக்கம் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்குக்கும் சேர்த்து மக்களவையில் ஒரே உறுப்பினர், மாநிலங்களவையில் ஒரே உறுப்பினர். ஒட்டுக்கேட்பு பற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் சண்டை பிடிப்போரையும் பார்த்திருக்கிறேன். அஞ்சலும் தொலைபேசியும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 31ஆம் இனமாக இருப்பதால், அந்தச் சண்டையை நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ‘வாக்களித்தார்’ என்றால் எதன்மீது என்று கேட்க வேண்டும். ஒரு மசோதா அவைக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை பல கேள்விகளின்மீது அவை முடிவெடுக்கிறது: அறிமுகம் செய்ய அனுமதிக்கலாமா, உறுப்பினர் சிலர் நுணுகி ஆராயும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாமா, உறுப்பினர்கள் தரும் திருத்தங்களை ஏற்கலாமா, இறுதியாக நிறைவேற்றலாமா. கடைசிக் கேள்வி ஒன்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை என்று தள்ளிவிடப்படுகின்றன. என் அனுபவத்தில் உறுப்பினரின் உண்மையான நிலை தெரிவது அந்தத் தள்ளிவிடப்பட்ட இடங்களில்தான். இறுதி வாக்கெடுப்பு நடக்கும்போது முடிவு அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அங்கே ‘ஆம்’ சொல்வதற்கும் ‘இல்லை’ சொல்வதற்கும் ஆகும் செலவு குறைவு. முடிவு இன்னும் ஊசலாடும் இடத்தில் அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதே பார்க்க வேண்டியது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2019இல் வந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புத் திருத்த மசோதா. தனிமனிதரையும் பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்த அது நேரான உளவுச் சட்டம் அன்று என்றாலும், கணக்குப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆகஸ்ட் 2 அன்று மாநிலங்களவையில் அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம் 85க்கு 104 என்று தோற்றது; சற்று நேரத்தில் மசோதா 147க்கு 42 என்று நிறைவேறியது. முதல் வாக்கெடுப்பில் 10 பேர் பக்கம் மாறியிருந்தால் மசோதா குழுவுக்குப் போயிருக்கும். இரண்டாவதில் 10 பேர் மாறினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. காங்கிரஸ் கட்சி முதலாவதில் குழு வேண்டும் என்றும், இரண்டாவதில் மசோதா நிறைவேறட்டும் என்றும் வாக்களித்தது. இதை வைத்து ‘எதிர்த்தார்கள்’ என்று ஒரு படமும் ‘ஆதரித்தார்கள்’ என்று ஒரு படமும் தயாரிக்கலாம். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து பொய் இராது. ஆகவே நீங்கள் எழுதும்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு இன்னும் வெளிப்படையாக நடக்கிறது, ஏனெனில் அங்கே முக்கிய வாக்கெடுப்புகளில் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகின்றன. 2008 ஜூலை 9 அன்று வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்துக்கான திருத்தம் செனட்டில் வந்தது. அரசின் ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காக்கும் பகுதியும் அதில் இருந்தது. அந்தப் பாதுகாப்பு இடம்பெறும் எந்த மசோதாவையும், விவாதத்தை முடியவிடாமல் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதற்குத் துணை நிற்பேன் என்று, அப்போது செனட்டராக இருந்த ஒபாமாவின் தரப்பு முந்தைய ஆண்டில் அறிவித்திருந்தது. அன்று அவர் அந்தப் பகுதியை நீக்கும் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அது 32க்கு 66 என்று தோற்றது. பிறகு விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கும், அது 72க்கு 26 என்று வென்றபின் மசோதாவுக்கும் ‘ஆம்’ என்றார். முட்டுக்கட்டை என்பது நடைமுறையாக உருவெடுப்பது அந்த விவாதம் முடிக்கும் தீர்மானத்தில்தான். ஆகவே வாக்குறுதி முறிந்த இடம் அதுவே, இறுதி வாக்கெடுப்பு அன்று. தோற்கும் என்று தெரிந்த திருத்தத்துக்குக் கொடுத்த ‘ஆம்’ அவருக்குக் கேடயமாகப் பயன்பட்டது. அவருடைய ஆதரவாளர்களே வெளிப்படையாகக் கொதித்தார்கள். நவம்பரில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உளவுச் சட்ட வாக்குகள் கோபத்தைக் கிளப்பும் அளவுக்குத் தேர்தலைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் கட்சிகள் நடந்துகொள்கின்றன என்று நினைக்கிறேன்.

ஒற்றை வாக்கின் எடையைப் பார்க்க வேண்டுமானால் அதே சட்டத்தில், வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவரின் செய்திகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணையின்றித் திரட்ட இடம் தரும் 702ஆம் பிரிவு நீட்டிக்கப்பட்ட கதைகளைப் பாருங்கள். 2018 ஜனவரியில் செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவைப்பட்டது. கிடைத்தது 60க்கு 38. இரண்டு நாள் கழித்து மசோதா 65க்கு 34 என்று நிறைவேறியது. முதல் நாளில் அந்த 60 பேரில் எவர் விலகியிருந்தாலும் அன்றைக்கு அது நின்றிருக்கும். ஆகவே அந்த 60 பேரில் ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பாளி. 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் விவாத விதிகளை ஏற்கும் தீர்மானத்தைத் தம் கட்சித் தலைமைக்கு எதிராக 19 குடியரசுக் கட்சியினர் கவிழ்த்தார்கள், 193க்கு 228. அதன் விளைவாக நீட்டிப்பு 5 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்தது. இரண்டு நாள் கழித்து, அமெரிக்கர்களின் செய்திகளைத் தேட நீதிமன்ற ஆணை வேண்டும் என்ற திருத்தம் 212க்கு 212 என்று சமமாகித் தோற்றது. மசோதா 273க்கு 147 என்று வென்றது. அந்த 19 பேர் சட்டத்தைத் தடுத்துவிட்டார்கள் என்பதும் தவறு, வெறும் நாடகம் ஆடினார்கள் என்பதும் தவறு. ஒரு நடைமுறை வாக்கைக் கொடுத்து மூன்றாண்டுக் குறைப்பை வாங்கினார்கள்.

நம் ஊருக்குத் திரும்பினால் முதல் தடை வேறு: பெயரே கிடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்துக்கான துண்டறிக்கையில், குறிப்பிட்ட உறுப்பினர் ஒரு மசோதாவை ‘எதிர்த்து வாக்களித்தார்’ என்று கட்சியின் அறிக்கையை நம்பி எழுதிவிட்டேன். அச்சாகி வந்த பிறகு அவைக் குறிப்பைத் திறந்தால், அவர் பேசியது மூன்று பக்கம் இருந்தது. அதன் கீழே ‘தீர்மானம் நிறைவேறியது’ என்ற ஒற்றை வரி. பெயர்ப் பட்டியல் இல்லை. குரல் வாக்கெடுப்பு. எதிர்த்துப் பேசினார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இருந்தது. எதிர்த்து வாக்களித்தார் என்று சொல்ல இல்லை. முந்நூறு தாளிலும் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தேன்.

குரல் வாக்கெடுப்பில் ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் கூவ, எந்தப் பக்கம் ஓசை பெரிது என்பதை அவைத்தலைவர் அறிவிக்கிறார். அதை ஏற்காத உறுப்பினர் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்கலாம். கேட்டால் மணி ஒலிக்கும், வாயில்கள் அடைக்கப்படும், பொத்தான்கள் அழுத்தப்படும். பலகையில் ஆதரவு பச்சையாகவும் எதிர்ப்பு சிவப்பாகவும் இரண்டிலும் சேராமை மஞ்சளாகவும் தெரியும். அவையில் அறிவிக்கப்படும் எண் ‘திருத்தத்துக்கு உட்பட்டது’. பொத்தான் வேலை செய்யாதவர்கள் சீட்டில் எழுதித் தருவதால், மறுநாள் செய்தித்தாளின் எண்ணும் அச்சிட்ட குறிப்பின் எண்ணும் ஒன்றிரண்டு மாறலாம். நீங்கள் அச்சிட்ட குறிப்பையே நம்புங்கள். டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்பட்டது என்று மக்களவைத் தலைவர் கருதினால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணவும் விதி 367 இடம் தருகிறது. அப்போதும் பெயர்கள் பதிவாவதில்லை.

ஆகவே நம் நாட்டு உளவுச் சட்டங்களில் கேட்க வேண்டிய கூர்மையான கேள்வி ‘எப்படி வாக்களித்தீர்’ என்பதைவிட ‘டிவிஷன் கேட்டீரா’ என்பதுதான். 2008 டிசம்பர் 22 அன்று தகவல் தொழில்நுட்பத் திருத்த மசோதா, கணினித் தகவலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் தரும் 69ஆம் பிரிவோடு, அமளிக்கு நடுவே விவாதமின்றி மக்களவையில் நிறைவேறியது. எந்தக் கட்சியின் உறுப்பினருக்கும் அது பற்றிய பெயர்ப் பதிவு கிடையாது. 2023 ஆகஸ்டில் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்பு மசோதா, அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் 17ஆம் பிரிவோடு இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் கடந்தது. மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் மணிப்பூர் விவகாரத்தை முன்வைத்து வெளிநடப்புச் செய்திருந்தன. வெளிநடப்பு அரசியல் செய்தியாக வலுவானது, பதிவாகப் பலவீனமானது. வெளியே போனவர் அந்த மசோதாவுக்காகப் போனாரா வேறொன்றுக்காகப் போனாரா என்பதை அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் தேடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மாறாக, 2022 மார்ச் 28 அன்று குற்றவியல் நடைமுறை அடையாள மசோதாவை அறிமுகம் செய்வதையே எதிர்த்து டிவிஷன் கேட்கப்பட்டது. கைதானவரின் கைரேகை, கருவிழி போன்ற அளவீடுகளை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்க வழிசெய்யும் மசோதா அது. 120க்கு 58 என்று அறிமுகத்துக்கு அனுமதி கிடைத்தது. அறிமுக நிலையில் டிவிஷன் வரை போவது அபூர்வம். அந்த 58 பெயர்களில் உங்கள் உறுப்பினர் இருக்கிறாரா என்று பார்ப்பது, இறுதி நாளில் அவர் ஆற்றிய உரையைப் படிப்பதைவிடப் பயனுள்ளது.

பெயர் இல்லாதவரைக் குற்றம் சொல்லும் முன் இரண்டு விசாரணை செய்யுங்கள். ஒன்று, அவர் வாக்களிக்க முடிந்த நிலையில் இருந்தாரா? தொலைபேசி இடைமறிப்புக்கு இடம் தரும் தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பர் 20, 21 தேதிகளில் இரு அவைகளிலும் நிறைவேறிய அந்தக் கூட்டத்தொடரில் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அவர்களை ‘ஓடிப்போனவர்கள்’ என்பது அநியாயம். மற்றொன்று, கொறடா உத்தரவு இருந்ததா? கட்சியின் ஆணையை மீறி வாக்களித்தாலும் வாக்களிக்காமல் விட்டாலும் கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணைப்படி பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். ஆகவே நம் உறுப்பினரின் வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கு, அமெரிக்க செனட்டரைத் தனியாளாக எடைபோடுவது போல இவரை எடைபோட முடியாது. ஆனால் கொறடா உத்தரவு பேச்சைக் கட்டுப்படுத்துவதில்லை, திருத்தம் எழுதிக் கொடுப்பதைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை, கேள்வி நேரத்தில் கேட்பதையும் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே மௌனமாக இருந்தவர் கொறடாவைக் காரணம் காட்டினால் நான் ஏற்பதில்லை.

மாநிலங்களவை உறுப்பினர்களைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. மார்ச் 16 அன்று மாநிலங்களவை திருத்தங்களைப் பரிந்துரைத்தது. மக்களவை அன்றே அவற்றை நிராகரித்தது. பண மசோதாவில் அவர்களால் அதற்கு மேல் எதுவும் செய்ய இயலாது என்பதால், ‘தடுக்கத் தவறினார்கள்’ என்ற பழி அவர்கள்மீது நிற்காது.

எல்லாம் பார்த்து முடித்தபின் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீண்ட கண்டனம் எழுதினால் நீண்ட கட்சி அறிக்கையே பதிலாக வரும். குறுகிய கேள்வி எழுதினால் குறுகிய பதில் வர வாய்ப்புண்டு. நான் எழுதும் முறை இது: ‘ஐயா, இன்ன தேதியில் இன்ன மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அவைக் குறிப்பு சொல்கிறது. அப்போது தாங்கள் அவையில் இருந்தீர்களா? இருந்திருந்தால் டிவிஷன் கேட்டீர்களா? கேட்கவில்லை எனில், குழுவுக்கு அனுப்பக் கோரியோ திருத்தம் கோரியோ எழுத்து மூலம் ஏதேனும் கொடுத்தீர்களா? அதன் நகலை அனுப்பினால் அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுகிறோம்.’