ஜானைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும்போது

"ஜான் நல்லவன், சமூகம் கெட்டது" என்று ஆரம்பித்திருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். பி.ஏ. ஆங்கில இலக்கியப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மனிதர்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, மாத்திரை கொடுத்து நிம்மதியாக வைத்திருக்கும் எதிர்கால லண்டனைக் காட்டும் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நாவல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932); அதன் வெளியாள் பாத்திரமான ஜானைப் பற்றிப் பத்துக் கட்டுரை வந்தால் எட்டு இப்படித்தான் தொடங்குகின்றன. நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவள்தான். "அப்போ மால்பைஸ்?" என்று பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து பென்சிலோடு உட்காருங்கள். ஜான் வளர்ந்த ஊர்தான் மால்பைஸ்; நியூ மெக்சிகோவில், பழைய முறையில் வாழும் பழங்குடியினருக்கு ஒதுக்கிய ரிசர்வேஷன் பகுதியில் இருக்கிறது. அங்கே ஜானின் அம்மா லிண்டா லண்டனிலிருந்து வந்து மாட்டிக்கொண்டவள். உடலுறவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்று லண்டனில் பழக்கப்பட்டவள், அங்கேயும் அப்படியே இருக்கிறாள். ஊர்ப் பெண்கள் வீடு புகுந்து சாட்டையால் அடிக்கிறார்கள். வயதுக்கு வந்த பையன்கள் சடங்குக்கு இறங்கும்போது, வெள்ளை முடிக்காரன் என்று ஜானை மட்டும் வெளியே இழுத்துப் போட்டுக் கல்லெறிகிறார்கள். ஆக, பிற்பாடு லண்டனுக்குக் கூட்டி வரப்படுவதற்கு முன்பே அவன் அந்நியன். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அவன் எதை வைத்து உலகை அளக்கிறான் என்று பாருங்கள். எலி கடித்த ஒரு ஷேக்ஸ்பியர் தொகுப்பு. கூடவே நோன்பு, சாட்டையடி, தன்னைத்தானே வருத்திக்கொள்வது. அவன் விரும்பும் லண்டன் பெண் லெனினா ஆசையோடு உடையைக் களையும்போது அவன் வாயில் ஒதெல்லோவின் வசவு வருகிறது. அவளுக்கோ என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள். பாவம் அவள்தான் என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கும் தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்.

மோதலைக் காட்ட ஒரே ஒரு காட்சிதான் எடுக்க முடியும் என்றால் மருத்துவமனையை எடுங்கள். லிண்டா சோமா (கவலையை மறக்க எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரை) மயக்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறாள். சாவைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பழகுவதற்காகக் காக்கி உடுத்திய ஒரே அச்சுச் சிறுவர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். ஜான் கட்டிலருகில் மண்டியிட்டு அழுகிறான். நர்ஸின் கவலையெல்லாம், இந்த அழுகை பிள்ளைகளின் பயிற்சியைக் கெடுத்துவிடுமே என்பதுதான். உடனே சாக்லேட் எக்ளேர் வேண்டுமா என்று கேட்கிறாள். வாயெல்லாம் சாக்லேட் அப்பிய ஒரு பொடியன் எக்ளேராலேயே கட்டிலைக் காட்டி, செத்துட்டாளா என்கிறான். இங்கே யாரும் கொடுமைக்காரர் இல்லை, கவனித்தீர்களா? அடுத்து ஜான் சோமா மாத்திரைகளை ஜன்னல் வழியே கொட்டுவதை இரண்டு வரியில் முடியுங்கள். எல்லோரும் அதைத்தான் நீட்டி எழுதுவார்கள்.

அந்த உலகை ஆளும் கட்டுப்பாட்டாளர்களில் ஒருவரான முஸ்தபா மாண்டை வில்லனாக்காதீர்கள். அவரும் ஷேக்ஸ்பியர் படித்தவர்; பைபிளைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவர். தெரிந்தேதான் நிம்மதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் பக்க வாதத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். இல்லாவிட்டால், துன்பப்படும் உரிமை வேண்டும் என்று ஜான் கேட்பது வெறும் வீம்பாகிவிடும்.

1946 பதிப்பின் முன்னுரையில் ஹக்ஸ்லி தன் நாவலிலேயே ஒரு குறை சொல்கிறார்: ஜானுக்கு லண்டன் வாழ்க்கை, பழங்குடிக் கிராம வாழ்க்கை என்று இரண்டு வழிகளை மட்டுமே கொடுத்தேன், இரண்டுமே பைத்தியக்காரத்தனம் என்று. முடிவுரைக்கு அது போதும். கடைசியில் கலங்கரை விளக்கத்தில் தூக்கில் தொங்கும் ஜானின் கால்கள் திசைகாட்டி முள்போல மெதுவாகச் சுற்றுவதை மேற்கோளாகப் போடுகிறீர்களா? போடுங்கள், விளக்கம் மட்டும் வேண்டாம்.